ஜோலார்பேட்டையில் விட்டுப்போன டிரம்மர்

உலக இசை வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கும் பேரறிஞர்கள் தயவுசெய்து பேனாவை ஒரு நிமிஷம் கீழே வைக்க வேண்டும். இராயபுரத்தில் தோன்றி, அரக்கோணம், ஜோலார்பேட்டை, போத்தனூர், குந்தக்கல் ஆகிய நான்கு திக்குகளையும் வென்று, ரயில்வே இன்ஸ்டிடியூட் எனும் ஊழியர் கிளப்புகளின் மரத்தரை தேயத் தேய ஜனங்களை ஆடவைத்த 'ராயபுரம் ரேஞ்சர்ஸ்' என்னும் அமெரிக்க பாணி கன்ட்ரி மியூசிக் குழுவுக்கு, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எண்ணூரில் நாற்பதாண்டு நிறைவுப் பாராட்டு விழா. குழுவினர் ஐவருக்கும் பொன்னாடை போர்த்தப்படும்.

ஐவர் என்ற இடத்தில்தான் கஸ்பாருக்கு இடித்தது.

பாடகரும் தலைவருமான லூயிஸ், ஆஸ்திரேலியாவில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். கூடப் பாடிய ஜானட்டுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி பெங்களூரில் மகள் வீட்டோடு இருந்தாள். லீட் கிதார் அலெக்ஸாண்டர் ஆறு வருஷமாகக் காசிமேடு கல்லறையில். மிச்சம் இருவர். பேஸ் கிதார் வாசித்த கஸ்பார், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்று இராயபுரத்திலேயே இருக்கிறார். டிரம்மர் சைமன் இருப்பது திருவொற்றியூர். அங்கிருந்து ஐந்தாவது ஸ்டேஷன். அந்த ஐந்து ஸ்டேஷனைக் கஸ்பார் கடந்து பதினான்கு வருஷம் ஆகிறது.

விழா எடுக்கும் பண்பாட்டுப் பேரவையின் செயலாளர் செங்குட்டுவன் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "அஞ்சு ஷால் வாங்கியாச்சுங்க ஐயா. கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். கலைஞர்கள் அனைவரையும் நீங்கதான் அழைச்சினு வரணும்."

கஸ்பாருக்கு அனைவரும் வேண்டாம். சைமன் ஒருவர் வந்தால் போதும்.

ரேஞ்சர்ஸின் புகழ் பொய்யில்லை. பள்ளிச் சீருடை தைக்கிற டெய்லர் தைத்துக்கொடுத்த ஜாலர் வைத்த சட்டையும் அகலத் தொப்பியும் மாட்டிக்கொண்டு, மே மாத வெயிலில் வேர்வை ஊற்ற ஊற்ற, மெரினாவில் தவிர வேறெங்கும் குதிரையைப் பார்த்திராத ஐந்து பேர் குதிரைகளைப் பற்றி உருகி உருகி வாசித்தார்கள். குதிரை இல்லாத பாட்டுகளில் மூன்றே விஷயம்: பெண்டாட்டி போய்விட்டாள், நாய் செத்துவிட்டது, ரயில் போய்விட்டது. கேட்டவர்கள் ரயில்வே காலனிக்காரர்கள். மூன்றாவது அவர்களுக்குத் தொழில் ரீதியாகவே புரிந்தது.

பதினான்கு வருஷத்துக்கு முன், போத்தனூரில் கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு வாசித்துவிட்டுத் திரும்பும்போது, நட்டநடுப் பகலில் ஜோலார்பேட்டையில் வண்டி நின்றது. சைமன் டீ குடிக்க இறங்கினார். வண்டி நகர்ந்தது. சைமன் ஏறவில்லை. கஸ்பார் எழுந்து, அபாயச் சங்கிலிக்கு நேராகக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. ரயில்வே ஊழியன் சங்கிலி இழுத்தான் என்று எழுதிவிட்டால்? அந்த மாதம்தான் பதவி உயர்வுப் பட்டியல் வர வேண்டியிருந்தது. "அடுத்த வண்டில வந்துடுவான், குந்துபா" என்றார் லூயிஸ். கஸ்பார் குந்தினார்.

அடுத்த வண்டியில் சைமன் வந்தார், தன் வீட்டுக்கு. இரண்டு நாள் கழித்து மகனை அனுப்பி டிரம்ஸை எடுத்துக்கொண்டார். அத்தோடு சரி. பட்டியலும் வந்தது. கஸ்பார் பெயர் அதில் இல்லை. டிரம்மர் இல்லாத குழு மூன்று வருஷம் நொண்டியடித்துவிட்டுப் படுத்தது.

அன்றிலிருந்து கஸ்பார் தினமும் சாயங்காலம் நாலு மணிக்குத் தன் அறையில் உட்கார்ந்து பழைய பாட்டுகளை வாசித்துவருகிறார். பேஸ் கிதாரைத் தனியாக வாசித்தால் அது எந்தப் பாட்டு என்று பாட்டைப் போட்டவனுக்கே தெரியாது. கீழ்வீட்டு சாபிரா மாடிப்படியில் நின்று கத்துவாள். "அங்கிள், மோட்டார ஆஃப் பண்ணுங்கோ! டேங்கு ரொம்பிச்சி!" கஸ்பார் கிதாரை ஆஃப் செய்வார்.

புதன்கிழமை திருவொற்றியூருக்குப் போனார். கதவைத் திறந்தது சைமனின் மருமகள் ரேகா. சைமன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முன்னால் ஒரு முறம் நெத்திலியை வைத்துத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அட, கஸ்பாரு! இன்னா மாமு, வயி தெரிஞ்சிதா?"

"ஷேர் ஆட்டோல வந்தேன்."

"ஆட்டோக்காரனுக்கு வயி தெரியும். ஒனுக்குத் தெரியறதுக்குத்தான் பதினாலு வர்சம் ஆயிக்கீது. குந்து."

கஸ்பாருக்கு அது கத்தி மாதிரி இறங்கியது. குந்தினார்.

"எண்ணூர்ல நம்ம பேண்டுக்கு விழா எடுக்கறாங்கடா. ஷால் போத்தறாங்கோ. நீ வரணும்."

"நமக்கா? இன்னாத்துக்கு?"

"நாப்பது வர்சம் ஆயிடுச்சாம்."

"நடுவுல செத்துப்போன வர்சத்தையும் சேத்துகினாங்களா?" சைமன் இன்னொரு தலையைக் கிள்ளினார். "வாசிக்கணுமா?"

"ஒரே ஒரு பாட்டு."

"ஒண்ணுதானே? ரெண்டாச்சுன்னா எந்திரிச்சிப் பூடுவேன், சொல்லிட்டேன்."

"போய்ட்டு வாங்க மாமா," என்றாள் ரேகா உள்ளேயிருந்து. "வூட்லயே குந்திகினு என் உயிர வாங்கிகினு கீறீங்க."

கஸ்பாருக்குத் தொண்டைவரை வந்துவிட்டது: சங்கிலி, கை, பட்டியல், எல்லாம். வாயைத் திறந்தார்.

"நெத்திலி இன்னிக்கி நல்லா கீதா?" என்றார்.

"கீது" என்றார் சைமன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் முடிவு செய்தார்: தனியாகச் சொல்ல வராததை மேடையில், மைக்கில், சபையறியச் சொல்லிவிடுவது. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். முகக்கண்ணாடியைப் பார்த்துப் படித்தார். கேட்டுக்கொண்டிருக்க வேறு யாரும் அந்த வீட்டில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் மண்டபத்தில், 'கிராமிய இசை வேந்தர்கள்' என்று ஒரு ஃபிளெக்ஸ் பேனர் தொங்கியது. அதிலிருந்த ஐந்து முகங்களில் ஒன்று யாருடையது என்று வேந்தர்களுக்கே தெரியவில்லை. நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் அடுத்து நடக்கவிருந்த ஓவியப் போட்டிப் பரிசளிப்புக்கு வந்த பெற்றோர். செங்குட்டுவன் இரண்டு ஷாலை இரண்டு ஆள்மேல் போர்த்தினார். மற்ற மூன்றையும், வாங்கியாயிற்றே, மூன்று காலி நாற்காலிகளின்மேல் போர்த்தினார். நாற்காலிகளுக்கும் கைதட்டல் கிடைத்தது.

கஸ்பார் மைக்கைப் பிடித்து, எழுதிவந்த தாளைப் பிரித்தார்.

"பெரியோர்களே, இக்குழு உடைந்ததற்கு நானே காரணம். அன்று ஜோலார்பேட்டையில் என் நண்பன் சைமன் நடைமேடையில் தவித்து நின்றான். சங்கிலியை இழுக்க வேண்டிய கையை என் சுயநலம் தடுத்தது. பதினான்கு ஆண்டுகளாக..." தாளை மடித்தார். மிச்சத்தை அவர் படிக்கவில்லை. "சைமா, என்ன மன்னிச்சிடுறா."

செங்குட்டுவன் லூயிஸின் நாற்காலி ஷாலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓவியம் வரைந்த ஒரு குழந்தையின் அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து சைமன் குரல் வந்தது. "மைக்கப் பொத்து."

கஸ்பார் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அருகில் போனார்.

"இன்னாடா ஒளறிகினு கீற? எவன் தவிச்சான்?"

"நீதான். வண்டி கெளம்பிடுச்சி, நீ பிளாட்பாரத்துல..."

"நான் டீ ஸ்டாலுக்குப் பின்னாடி நின்னுகினு இருந்தேன் மாமு. வண்டி போய்த் தொலையட்டும்னுதான் நின்னேன். எட்டிப் பாத்தா, நீ சங்கிலியாண்ட கையத் தூக்கிகினு நிக்கற. எனுக்கு அப்டியே பேஜாராப்பூடுச்சி. மாதாவே, இஸ்துடப் போறான், இஸ்துடப் போறான்னு வேண்டிகினேன். நல்லவேள, நீ இஸ்கல. தோஸ்துன்னா நீதான்டா."

பதினான்கு வருஷமாக ராத்திரியும் பகலும் கஸ்பாரோடு கூடவே இருந்தது அந்தச் சங்கிலி ஒன்றுதான். லூயிஸ் போன பிறகும், அலெக்ஸாண்டர் போன பிறகும் அது இருந்தது. இப்போது அதுவும் இறங்கிப் போனது.

"ஏன்டா?" என்றார்.

"ஜனம் பாக்குது. பாட்ட ஆரம்பி, அப்பால பேசிக்கலாம்."

"இசையால் இணைந்த இதயங்கள்!" என்று செங்குட்டுவன் இன்னொரு மைக்கில் முழங்கினார்.

ஆரம்பித்தார்கள். பாடக் குரலில்லை, லீட் கிதாரில்லை. கஸ்பார் இரண்டு சுரத்தில் இழுத்துக்கொண்டு போக, சைமன் அடித்தார். ஒரு அடி பிசகவில்லை. கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டு, லூயிஸ் மூச்சு வாங்கும் இடத்தில் நின்று, ஜானட் சேரும் இடத்தில் சேர்ந்து, அலெக்ஸாண்டர் தனியாக வாசிக்கிற பதினாறு தாளச் சுற்றுகளையும் விட்டுக்கொடுத்துக் காத்திருந்து, முழுப் பாட்டையும் வாசித்தார். கேட்டவர்கள் மைக் செட்டைச் சரிபார்க்கிறார்கள் போலும் என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு எப்போது தொடங்கும் என்று அவர்கள் காத்திருக்கையில் பாட்டு முடிந்துவிட்டது.

சைமன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஷாலை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏன்டா சைமா?" என்று கஸ்பார் மறுபடி கேட்டார்.

சைமனுக்கு அந்த மியூசிக் எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை.