பன்னிரண்டு புள்ளி எட்டு

மாங்குளத்தில் நான் யானைவேலிப் பெட்டி விற்கிறேன். அந்தப் பெட்டி, வெயிலில் சார்ஜ் ஆகும் பற்றரியிலிருந்து மின்னை இழுத்து வேலிக் கம்பியில் ஓட்டும். தொட்ட யானை திரும்பிப் போய்விடும். கூடவே, தீப்பெட்டியளவு சின்னச் சாமான் ஒன்றும் விற்கிறேன். அது பற்றரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறதென்று மணிக்கொரு தரம் என் ஃபோனுக்கு மெசேஜ் அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அவ்வளவுதான் என்று சொன்னால் எந்தச் சாமான் விலைப்படும்? "இது வேலிக்குக் காவல், இனி ஆறுதலாய் இருக்கலாம்" என்பேன். சுப்பம்மாவுக்கும் அதையேதான் சொன்னேன்.

அவருடைய குடும்பம் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்தது. ஒட்டுசுட்டான் வீதியில் உள்ளே தள்ளி, முந்நூறு கதலி வாழை வைத்திருந்தார். தீபாவளிக்கு வெட்டக் குலைகள் முற்றி நின்றன. அந்த வருசத்துக்கு அவருக்கு வேறு ஒன்றும் இல்லை.

ஆயுதபூசையன்று பொழுதுபட எனக்கு ஃபோன் எடுத்தார்.

"முதலாளி, சின்னப் பெட்டி வேலை செய்யுதுங்களா?"

பார்த்தேன்.

"பன்னிரண்டு புள்ளி எட்டு வோல்ட். புது மாப்பிள்ளை மாதிரி நிக்குது. பயப்பிடாதேங்கோ அக்கா."

"அப்ப சரிங்க."

ஏழு மணிக்கும் 12.8. எட்டு மணிக்கும் 12.8. வெயில் போனபின் பெட்டி இழுக்க இழுக்க அது 12.5, 12.4 என்று இறங்க வேண்டும். அன்று இறங்கவில்லை. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். குறையாத மூட்டை, ஒருவரும் கை வைக்காத மூட்டை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கடையில் பூசை முடிந்து, சுண்டல் வாங்க வந்த தோட்டக்காரர் கனகலிங்கம் அப்போது என் முன்னால் நின்றார். ஃபோனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாருங்கோ அண்ணை, ரெண்டு மணித்தியாலமாய் ஒரு புள்ளி இறங்கேல்லை."

"கொஞ்சம் விட்டுத் தந்தா நானும் ஒண்டு எடுப்பன்."

"சுண்டல் இன்னும் ஒரு கை தாறன். விலையைத் தொடாதேங்கோ."

சிரித்துக்கொண்டே சின்னச் சாமான் ஒன்றை எடுத்துப் போனார்.

விடிந்ததும் சுப்பம்மா கூப்பிட்டார். "வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். மோட்டார் சைக்கிளில் போனேன்.

நிற்கிற வாழையை எண்ணுவது சுலபமாக இருந்தது. பதினொன்று. கம்பி அறுந்து மண்ணில் கிடந்தது. கொட்டிலுக்குள் சாமிப் படத்தின் முன்னால் மண்வெட்டி, கத்தி, மருந்தடிக்கிற மெஷின். அவற்றோடு வேலிப் பெட்டியும் சந்தனம், குங்குமம் வைத்து, ஒரு செவ்வரத்தம் பூவோடு இருந்தது. வெளியே பற்றரியில் சின்னச் சாமான் மட்டும் பச்சை வெளிச்சம் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"பெட்டியக் கழட்டினீங்களோ?"

"ஆயுதம் ஒரு நாள் ஓய்வெடுக்கணும்ல முதலாளி. எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான். காலையில மறுபூசை முடிச்சுத்தான் தொடுவோம்."

"அப்ப வேலிக்கு?"

"அதான் சின்னது இருந்துச்சே. காவல்னு சொன்னீங்க. அதுக்கும் ஓய்வு குடுத்துட்டா யாரு பாக்குறதுன்னு, அத மட்டும் கழட்டல. உங்கள்ட்டயும் கேட்டேன்."

"அது பற்றரியைத்தான் பாக்கும், அக்கா. வேலியைப் பாக்காது."

அவர் சாமானைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு வேலின்னு சொன்னீங்க."

"சொன்னனான்."

அவர் திட்டுவார் என்று நின்றேன். எந்தப் பேச்சுக்கும் மறுபேச்சு என்னிடம் கைவசம் இருக்கும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

சுப்பம்மா சாமிப் படத்தடியிலிருந்த கத்தியை எடுத்துச் சந்தனத்தைச் சேலையில் துடைத்தார். சரிந்து கிடந்த வாழைகளிடம் போய் இரண்டு வாழைப்பூப் பொத்திகளை வெட்டி வந்தார்.

"வீட்டுக்குக் கொண்டு போங்க. இங்க கிடந்தா வாடிப்போகும்."

வாங்கி ஹாண்டிலில் கொளுவினேன். அவர் அடுத்த வாழைக்குக் குனிந்தார்.