மாப்பிள்ளை வந்த மத்தியானம்

அந்த ரப்பர் தோட்டத்தில் புலியைப் புலி என்று யாரும் சொல்வதில்லை. பேரைச் சொன்னால் வந்துவிடுமாம். அதனால் 'மாப்பிள்ளை' என்றார்கள். வந்தால் கறி தின்னாமல் போகாதவர் வேறு யார்? போன வாரம்கூட மாப்பிள்ளை கங்காணியின் கிடாவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்தாயியைப் பெண் பார்க்க நிஜ மாப்பிள்ளை வருவதாக இருந்தது. மலாக்கா டவுனில் கணக்கெழுதும் கிராணி, கோட்டுப் போட்டவர் என்று தரகர் சொன்னதும் அப்பா நல்லமுத்து தலையை ஆட்டிவிட்டார். தினமும் முந்நூறு மரம் சீவுகிற முத்தாயியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தலையைக் குனிந்து வெற்றிலைத் தட்டை நீட்டினால் போதுமாம். எரிச்சலாக வந்தது அவளுக்கு.

அத்தை பெத்தம்மாள் கதை சொல்லித் தேற்றினாள். பாம்பைக் கட்டிக்கொண்டாளாம் ஒருத்தி. முதல் ராத்திரி அது உரித்த சட்டையை அடுப்பில் போட்டாளாம். பார்த்தால் ராசகுமாரன்!

"உரிக்கலேன்னா என்னத்தே பண்றது? கல்யாணத்துக்கு முன்னாடியே உரிச்சுக் காட்டச் சொல்லு."

அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டாள்.

நாலு மணிக்கு வரவேண்டியவர் ரெண்டு மணிக்கே, அதுவும் தனியாக வந்தார். கிணற்றடியில் கோட்டுப் போட்டவரைப் பார்த்த அத்தை குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "மாப்பிள்ளை வர்றாரு! மாப்பிள்ளை வர்றாரு!"

அவ்வளவுதான். லயத்து வீட்டுக் கதவுகள் படார் படாரென்று சாத்திக்கொண்டன. ஆளாளுக்குத் தகர டின்னைத் தட்டினார்கள். எல்லோரும் ஓடவே, அத்தையும் எதற்கென்று தெரியாமல் ஓடி ஒளிந்தாள். பலாமரத்தில் முதலில் ஏறியவர் நல்லமுத்து. மகள் ஞாபகம் மூன்றாவது கிளையில்தான் வந்தது.

முத்தாயி தாழ்ப்பாள் போட்டு, மரம் சீவும் கத்தியோடு நின்றாள். யாரோ கதவைத் தட்டினார்கள்.

"யாரு?"

"மாப்பிள்ளை."

புலி பேசுமா? கத்தியை ஓங்கிக்கொண்டு கேட்டாள். "ஆளைத் தின்பீங்களா?"

"சோறுதான்லா தின்பேன். காலையிலேருந்து அதுவும் இல்ல."

இடுக்கு வழியாகப் பார்த்தாள். வேர்த்து ஊற்றும் முகம், முழங்கால்வரை தொங்கும் கறுப்புக் கோட்டு. சிரிப்பு வந்துவிட்டது. அப்பா மரத்தில். கேட்பதைக் கேட்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"அந்தக் கோட்டு ஒங்களோடதா?"

"இரவல். நான் கிராணியும் இல்ல. உம்பாய்க் கடலோரத்துல மாட்டுவண்டியில மீன் ஏத்துறவன், பேரு பெரியதம்பி. தரகரு புளுகிட்டாரு. அவரு வர்றதுக்குள்ள சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் ஓடியாந்தேன்."

"கோட்டக் கழட்டுங்க."

கழற்றினார். உள்ளே ராசகுமாரன் இல்லை. தோளில் கிழிந்த பனியனும் கருவாட்டு வாடையும்தான் இருந்தன. முத்தாயிக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. கதவைத் திறந்து கோட்டை வாங்கிக்கொண்டாள்.

"அடுப்புப் பக்கம் வச்சிடாத புள்ள. திருப்பிக் குடுக்கணும்."

டின் சத்தம் ஓய்ந்தபோது பலாமரத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "முத்தாயி, மாப்பிள்ளை போயிட்டாரா?"

முத்தாயி வாசலுக்கு வந்து, தலையை நன்றாக நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"போகலப்பா. உள்ள சோறு தின்னுக்கிட்டிருக்காரு. எனக்குப் பிடிச்சிருக்கு. இவரையே கட்டிக்கிறேன்."

நல்லமுத்து இன்னும் ஒரு கிளை மேலே ஏறினார்.