இரண்டு விரல் குறைந்த ரிப்போர்ட்

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிப்பது என் வேலை. பதினாறு வருஷமாக முகத்தைப் பார்த்தே இவன் டிக்கெட் எடுத்தானா, டபாய்க்கிறானா என்று சொல்லிப் பிழைக்கிறேன். அப்படிப்பட்ட என் காதிலேயே பூச்சுற்றப் பார்த்தாள் என் அக்கா. அந்த வாரம் முழுக்க எனக்கு அதுதான் கொதித்துக்கொண்டிருந்தது.

இடது மார்பில் ஒரு கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. திராட்சை அளவு இருக்கும். அழுத்தினால் நழுவியது, மாதவிலக்கு நெருங்க நெருங்க வலித்தது. மூன்று நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. நாலாம் நாள் அக்காவிடம் சொன்னேன். அவள் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிறாள். ஷட்டரைப் பாதியில் இழுத்துவிட்டு, வாடிக்கையாளர் ஒருவரின் அடையாள அட்டை மெஷினுக்குள் இருக்கும்போதே என்னைக் கையைப் பிடித்து மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மேமோகிராம் எடுத்தார்கள். ஜெல்லைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். நான் திரைக்குப் பின்னால் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது வெளியே கிசுகிசுப்பு கேட்டது. இடுக்கில் பார்த்தேன். அக்கா மேஜைமேல் பாதி உடம்பைச் சாய்த்து டாக்டரம்மாவிடம் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா திரைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

நான் வெளியே வந்ததும் இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"சாதாரண நீர்க்கட்டிம்மா. நிறைய பொம்பளைங்களுக்கு இந்த வயசுல வர்றதுதான்," என்றார் டாக்டரம்மா.

"பயப்பட ஒண்ணுமில்லடி. வெறும் நீர்க்கட்டிதான்," என்றாள் அக்கா.

அங்கேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஏனென்றால் அந்த வாக்கியம் எங்களுடையது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நானும் அக்காவும் சேர்ந்து தயாரித்தது. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும், இதை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று முடிவு கட்டினோம். எட்டு மாசம் அம்மாவைப் பார்த்து, 'பயப்பட ஒண்ணுமில்லம்மா, வெறும் நீர்க்கட்டிதான்' என்று மாறி மாறிச் சொன்னோம். அம்மா அதை நம்பிக்கொண்டே செத்துப்போனாள். இப்போது அதே வாக்கியம், அதே குரலில், என்னைப் பார்த்து வருகிறது. நான் என்ன இளிச்சவாயா?

அதற்குப் பிறகு அக்கா செய்த ஒவ்வொன்றும் எனக்குச் சாட்சியானது. காலையில் ஒரு போன், சாயங்காலம் ஒரு போன். வீட்டுக்கு வந்து கேட்காமலேயே என் பாத்திரங்களைக் கழுவினாள். நான் சொன்ன ஒரு மொக்கை ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். என் ஜோக்குக்கு அவள் சிரித்ததாகச் சரித்திரமே கிடையாது. அம்மாவிடமும் இப்படித்தான் சிரித்தாள்.

"ரிப்போர்ட் எங்கக்கா?"

"கடையில பத்திரமா இருக்கு."

"எனக்கு வேணும்."

"நாளைக்குத் தர்றேன். எங்க ஓடிப்போகுது?"

இரண்டு நாள் இழுத்தடித்துத்தான் கொண்டுவந்தாள். லேமினேஷன் பண்ணியிருந்தாள்! வீட்டுப் பத்திரத்தைப் பண்ணுவார்கள், படிப்புச் சான்றிதழைப் பண்ணுவார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை எந்த ஊரில் லேமினேஷன் பண்ணுகிறார்கள்? "நனைஞ்சிடக் கூடாது பாரு," என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அவள் போனதும் அதை மேஜைமேல் வைத்தேன். படித்தால், நீர்க்கட்டி, சாதாரணமானது என்றுதான் இருந்தது. ஆனால் நான் எழுத்தைப் படிக்கிற ஆளில்லை, காகிதத்தைப் படிக்கிற ஆள். என் ட்யூட்டி அட்டவணைத் தாளை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அகலம் சரி. உயரத்தில் இரண்டு விரல் குறைந்தது. அடி விளிம்பு கத்தி வைத்த மாதிரி நேராக இருந்தது. கிழித்தது இல்லை, கட்டர் போட்டு வெட்டியது.

ஆக, விஷயம் அந்த இரண்டு விரலில் இருக்கிறது. அன்றைக்குத் தூக்கம் போச்சு. எட்டு மாசம்தானா, கூடக் கொஞ்சம் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். சாவை விட, என்னை அம்மா மாதிரி முட்டாளாக்கி அனுப்பப்போகிறார்களே என்பதுதான் தாங்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போனேன். ரிப்போர்ட்டை டாக்டரம்மா முன்னால் பட்டென்று வைத்தேன்.

"இதுல வெட்டின வரி என்ன? எனக்கு எத்தனை மாசம்?"

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். "யாரும்மா இதை லேமினேட் பண்ணது?" என்று கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். அடியில் இரண்டே வரி. *தாய்க்கு மார்பகப் புற்றுநோய் இருந்துள்ளது. ஆண்டுதோறும் மேமோகிராம் அவசியம்.*

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். உங்கம்மா விஷயத்தை உங்க முன்னாடி பேச வேண்டாம்னு உங்கக்கா கெஞ்சினாங்க. நானும் சரின்னுட்டேன். அது என் தப்பு. ஆனா உங்களுக்கு இருக்கிறது நிஜமாவே நீர்க்கட்டி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

அவர் கோபப்படவில்லை. "வலிக்குதுன்னீங்கல்ல? ஊசி போட்டு நீரை எடுத்திடலாம். நீங்களே பாருங்க."

ஸ்கேன் திரையில் கறுப்பாக ஒரு குழி தெரிந்தது. ஊசி நுனி அதற்குள் போனது. சிரிஞ்சில் வெளிர் மஞ்சளாக நீர் ஏற ஏற, திரையில் குழி சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போனது. நான் கை வைத்துத் தேடினேன். இரண்டு வாரமாக என்னைத் தின்றுகொண்டிருந்த கட்டி இல்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவமானமாகவும் இருந்தது, அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது.

"மாசாமாசம் வலி வந்து போனா பயப்படாதீங்க. திரும்ப நீர் சேர்ந்தா வாங்க, பாத்துக்கலாம். புதுசா கட்டி, தோல் உள்ளே இழுக்கிறது, காம்புல ரத்தம் கசியறது, இதுல எது தெரிஞ்சாலும் அன்னிக்கே வரணும்," என்றார் டாக்டரம்மா. பிறகு, "அந்த ரெண்டு வரி உங்கக்காவுக்கும்தான். அவங்களுக்கும் அதே அம்மாதானே?" என்றார்.

நேராகக் கடைக்குப் போனேன். மதியம், கூட்டமில்லை. அக்கா கட்டரில் போட்டோ வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வரியை எதுக்குக்கா வெட்டினே?"

அவள் கை நின்றது. "போய்ட்டு வந்துட்டியா?"

"நீரை எடுத்துட்டாங்க. கட்டியே இல்ல. நீ சொன்னது நிஜம். நிஜத்தைச் சொல்லிட்டு எதுக்கு அதை வெட்டணும்? அந்த வார்த்தையைப் பாத்தா நான் பயந்துடுவேன்னா?"

அக்கா போட்டோத் துண்டுகளை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்துத் திரும்ப அடுக்கினாள்.

"உனக்காகத்தான்னு நானும் நெனச்சேன்டி. ஆனா வெட்டின துண்டைக்கூட என்னால கையில எடுக்க முடியல. கண்ணை மூடிக்கிட்டுக் குப்பையில தள்ளினேன்."

திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு வேறொன்று கேட்டேன்.

"நீ எப்பக்கா கடைசியா செக் பண்ணிக்கிட்டே?"

"எனக்கென்ன? எனக்கெல்லாம் ஒண்ணுமில்ல."

"யாரு சொன்னா?"

அவள் திரும்பக் கட்டரைப் பிடித்தாள். நான் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் அவள் பக்கத்தில் நின்றேன். "சொல்லுக்கா. ஒண்ணுமில்லைன்னு எந்த டாக்டர் சொன்னாங்க?"

"டாக்டர் யாரும் இல்லடி," என்றாள் அக்கா. "நானேதான் சொல்லிக்கிட்டிருக்கேன். அம்மா போனதுலேர்ந்து."