தலைவிக்கு ஏலாதாம்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உடுவிலில் நிற்கவேண்டும். முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்குப் பிரியந்தினியைத் தெரிவுசெய்திருப்பதாகக் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. முதல் நாள் வராதவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வயதெல்லை முப்பத்தைந்து. வருகிற ஆவணியில் அவளுக்கு முப்பத்தாறு. இதை விட்டால் இன்னொரு கடிதம் வராது.

ஆனால் காலை எட்டு மணிக்கு அவள் நிற்கவேண்டிய இடம் ஏற்கனவே ஒன்று இருந்தது. குருநகரில் மகள் ஜெயனி படிக்கும் பள்ளிக்கூடத்தின் சமையலறை. நூற்றுப்பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அங்கே காலைச் சாப்பாடு சமைப்பது தாய்மார் குழு. நாலு வருசமாக அதன் தலைவி பிரியந்தினி. யார் எந்த நாள் சமைப்பது, வராதவளுக்குப் பதிலாக யாரைப் பிடிப்பது, எல்லாம் அவள் தலையில். பிடிக்க ஆள் கிடைக்காத நாளில் அவளே அகப்பையைப் பிடித்தாள். கிடைத்த நாட்கள் குறைவு.

ஞாயிறு பூசை முடிந்து குழுவின் வருடாந்தக் கூட்டம். அதற்கு முன்பே, குழுவில் இருக்கும் றெஜினாவின் வீட்டுக்குப் போய், தலைவி பதவியை அவள் எடுக்கும்படி கதைத்து முடித்துவிட்டாள். றெஜினா கெட்டிக்காரி, ஆசையும் இருந்தது.

"ஓம் அக்கா, நீங்கள் பேரைச் சொல்லுங்கோ, நான் செய்யிறன்."

பயிற்சி விசயத்தை மட்டும் அவளுக்குச் சொல்லவில்லை. கணவன் டினேசைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. காரியம் கைகூடுமுன் வாய் திறந்தால் கண்ணூறு பட்டுவிடுமாம். அப்படித்தான் எங்கள் ஊரே நம்புகிறது, அவளும் நம்பினாள்.

எங்கள் ஊருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. பதவி என்றதும் உடனே 'ஓம்' என்கிறவளை இங்கே மதிக்கமாட்டார்கள், பதவிக்குப் பறக்கிறாள் என்று பேர் வந்துவிடும். முதலில் மறுக்கவேண்டும். பேரை முன்மொழிந்தவள் வற்புறுத்தவேண்டும். திரும்பவும் மறுக்கவேண்டும். மூன்றாம் தரம் வற்புறுத்திய பிறகுதான் தலையைக் குனிந்துகொண்டு ஏற்கவேண்டும். கல்யாணவீட்டில் இரண்டாம் தரம் சோறு வரும்போது இலையைக் கையால் மறைக்கிறோமே, அந்த மரியாதைதான். பிரியந்தினி தலைவியானதும் இப்படித்தான்.

பள்ளிக்கூட அதிபர் கிறிஸ்ரி சேருக்கு அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு ஒரு கல்யாணவீடு இருந்தது. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே, "அடுத்தது தலைவி தெரிவு" என்றார்.

பிரியந்தினி எழும்பினாள். "நான் றெஜினாவின்ரை பேரை முன்மொழியிறன்."

றெஜினா முகம் சிவக்க எழும்பினாள். "ஐயோ, எனக்கு ஏலாது சேர். பிரியந்தினி அக்கா செய்யிற மாதிரி ஆரால செய்ய ஏலும்? ஒரு பிள்ளை சாப்பிடாமல் இருந்தாலும் அவவுக்குத் தெரிஞ்சிடும்."

"ஓம், ஓம்" என்றது மண்டபம் முழுவதும்.

இனிப் பிரியந்தினிதான் வற்புறுத்தவேண்டும். 'இல்லை, நீதான் சரியான ஆள்' என்று ஒரு வசனம் போதும். அவள் சொல்லவில்லை. நாலு வருசத்தில் அவள் காதில் விழுந்ததெல்லாம் உப்புக் கூடிவிட்டது, பருப்பு அவியவில்லை என்பவைதான். அந்த 'ஓம், ஓம்' அவளுக்கு அவ்வளவு இனித்தது. இன்னும் கொஞ்சம் சொல்லட்டுமே என்று இருந்தது.

அதிபருக்குக் காத்திருக்க நேரமில்லை. "அவவுக்கு ஏலாதாம்" என்று சொல்லிக் கொப்பியில் எழுதினார். "வேற ஆர்?"

"வேற ஆர் என்னத்துக்கு?" லூர்த்தம்மா எழும்பினாள். மூன்று பிள்ளைகளை அங்கே படிக்க விட்டிருப்பவள், மூன்று நாளாவது சமைக்க வந்திருப்பாளா என்பது சந்தேகம். "பழைய ஆளே இருக்கட்டும்!"

கைதட்டல் எழும்பியது. பிரியந்தினிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இல்லை சேர், எனக்கு ஏலாது."

"போன முறையும் உப்பிடித்தானே சொன்னனீங்கள்" என்று அதிபர் சிரித்தார்.

"உண்மையாத்தான் சொல்லுறன். வேண்டாம்."

"பாருங்கோ, என்ன அடக்கம்!" என்றாள் லூர்த்தம்மா.

"எனக்கு வேற வேலை இருக்கு!" குரல் உடைந்து கண் கலங்கிவிட்டது. சனம் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டது. மூன்று தரம் மறுத்தாயிற்று, முறைப்படி எல்லாம் நிறைவேறிவிட்டது. கண்ணூறாவது மண்ணாவது, கடிதத்தைச் சொல்லிவிடுவோம் என்று அவள் வாய் திறந்தபோது கைதட்டலில் ஒன்றும் கேட்கவில்லை. 'ஏகமனதாக' என்று எழுதிக் கொப்பியை மூடிவிட்டு அதிபர் மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

பள்ளிக்கூட வாசற் படலையடியில் றெஜினாவை ஓடிப்பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். "இப்ப எடு றெஜினா. நான் சேரோடை கதைக்கிறன்."

"எப்பிடி அக்கா? ஏலாதெண்டு எல்லாரும் கேக்க எழுதியாச்சு. இனி நான் வந்து நிண்டால், கேட்டு வாங்கினவள் எண்டெல்லோ கதைப்பினம்?" றெஜினாவின் கண்ணிலும் நீர் நின்றது. "இன்னொருக்காக் கேப்பியளெண்டு நிண்டு பாத்தனான். ஏனக்கா கேக்கேல்லை?"

பிரியந்தினிக்குப் பதில் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது.

பின்னேரம் அதிபருக்குப் போன் எடுத்தாள். "நல்ல விசயம், சந்தோசம்" என்றார் அவர். "ஒரு ஆளைக் கொண்டுவந்து விடுங்கோ, மாத்தி எழுதுவம்." இருட்டுமுன் நாலு வீடு ஏறி இறங்கினாள். ஏகமனதாகத் தெரிவான தலைவி இருக்கும்போது நாங்கள் எப்படி என்று நாலு வீட்டிலும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை சமைக்கும் முறை லூர்த்தம்மாவுடையது. அவள் வரவில்லை, பதிலாக ஒருத்தியும் கிடைக்கவில்லை.

எட்டரை மணிக்கு உடுவிலில் இருந்து போன் வந்தது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். பிரியந்தினி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பருப்பை வார்த்தாள்.

"நீங்கள் இன்னும் வரேல்லை. வாறியளோ?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

"எனக்கு ஏலாது, தங்கச்சி."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். இன்னொரு தரம் கேட்டால் அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாள்.

"சரி" என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள்.