சத்தம் வராத கட்டில்

அத்தாவின் தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்து நஸ்ரின் அவரை வலப்பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ ‘கிரீச்’ என்று கேட்டது. விடிந்ததிலிருந்து கண் திறக்காமல் கிடந்த அவள் தகப்பனார் அப்துல் நாசர் கண்ணைத் திறந்தார்.

“என்ன சத்தம் அது?”

“ஒண்ணுமில்லீங்கத்தா. என் வளையலுங்க.”

“வளையலா?” அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். “மரத்துச் சத்தம்மா அது. தலைமாட்டுல, சொவத்துப் பக்கம். ரியாஸை வரச்சொல்லு.”

நஸ்ரினின் தம்பி ரியாஸ் ஸ்பேனரோடு வந்தான். கட்டிலுக்கடியில் புகுந்து மல்லாந்து படுத்து, தலைமாட்டுச் சட்டத்தின் போல்ட்டை இறுக்கினான். நஸ்ரின் அத்தாவை இடப்பக்கம் திருப்பி, மறுபடியும் வலப்பக்கம் திருப்பினாள். சத்தம் வரவில்லை. “ம்” என்றார் அவர். கண்கள் மூடிக்கொண்டன.

ரியாஸ் வெளியே ஊர்ந்து வந்தபோது அவன் நெற்றியில் ஒட்டடை ஒட்டியிருந்தது. “காலைல இருந்து நாம கூப்புடறது ஒண்ணும் காதுல உழுகலை. இது உழுகுது பாருக்கா” என்று சொல்லிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான்.

பாலக்காட்டுப் பக்கம் புதுநகரம் கடைத்தெருவில் அப்துல் நாசரின் கட்டில் கடை ஒன்றும் பெரிய கடையில்லை. தேக்கும் ஈட்டியும் அங்கே கிடையாது. ரப்பர் மரக் கட்டில், பிளைவுட் கட்டில், போர்டு அலமாரி. கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், மகளைக் கட்டிக்கொடுக்க இருக்கிறவர்கள் வருவார்கள். ஒரு புது மாதிரிக் கட்டில் வந்தால் அவர் அதை உடனே கடையில் போட மாட்டார். முதலில் வீட்டுக்கு வரும். ஒரு வருசம் வீட்டில் கிடக்கும். அதற்குப் பிறகுதான் விற்பனைக்கு.

“எங்க ஊட்டுல தாங்குச்சுன்னா எந்த ஊட்டுலயும் தாங்குமுங்க” என்பார் வாங்க வருகிறவர்களிடம்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவருடைய தம்பிகள் இருவரும் அடுத்தடுத்த வீட்டில்தான் இருந்தார்கள். எல்லோருடைய பிள்ளைகளும் இந்த ஒரு வீட்டில்தான் கிடந்தார்கள். கட்டிலில் சாப்பிட்டார்கள், படித்தார்கள், சண்டை போட்டார்கள், மூத்திரம் போனார்கள். கட்டிலுக்கடியில் அரிசி மூட்டையும் டிரங்குப் பெட்டியும் போகும், வரும். அம்மா ருக்கியா தினமும் தரையைக் கழுவித் துடைக்கும்போது ஈரம் கால்களில் ஏறும். மற்ற வீடுகளில் கட்டிலில் குதித்தால் அடி விழும். இந்த வீட்டில் அத்தாவே வாசலில் நின்றுகொண்டு, “நல்லாக் குதிங்க, பயப்படாதீங்க” என்பார். குதித்து முடித்ததும் முட்டி போட்டு உட்கார்ந்து மூட்டுகளைத் தடவிப் பார்ப்பார்.

“படுத்து ஒரு கட்டிலும் ஒடையறதில்ல. எல்லாரும் ஒரே ஓரத்துல வந்து உக்கார்றாங்க பாரு, அங்கதான் ஒடையுது” என்பார்.

ஒரு பெருநாள் அன்று நஸ்ரினின் மாமி புதுப்புடவையும் கையில் பிரியாணித் தட்டுமாகக் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். நடுப்பலகை முறிந்து கீழே போனாள். அத்தா ஓடிவந்தார். மாமியைத் தூக்கத்தான் வருகிறார் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். அவர் குனிந்து பலகை முறிந்த இடத்தைப் பார்த்து, “நடுவுல ஒரு கால் வேணும்” என்றார். அடுத்த பெருநாள் வரைக்கும் மாமி அவரிடம் பேசவில்லை. அந்த மாதிரிக் கட்டில் கடைக்குப் போகவேயில்லை.

சிறுமியாக இருந்தபோது இதெல்லாம் நஸ்ரினுக்கு விளையாட்டு. கல்யாணத்தின்போதுதான் கசந்தது. சீர்வரிசையாக அத்தா கொடுத்தது, வருசம் முழுக்க வீட்டில் கிடந்து எல்லோரும் மிதித்த ஒரு கட்டில். மெருகு போட்டுத்தான் அனுப்பினார். ஆனாலும் கோவை உக்கடத்தில் லாரியிலிருந்து அது இறங்கும்போது கால்களில் தேய்மானம் தெரிந்தது. “கட்டில் கடைக்காரர் மகளுக்குப் பழைய கட்டிலா?” என்று மாமியார் வீட்டில் யாரோ கேட்டது அவள் காதில் விழுந்தது. அன்று ராத்திரி அழுதாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அலமாரி மாறியது, சோபா மாறியது, டைனிங் டேபிள் மாறியது. அவளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். மாமியார் கை கால் விழுந்து இரண்டு வருசம் அந்தக் கட்டிலில்தான் கிடந்தார். கட்டில் மட்டும் மாறவில்லை. இதை அவள் அத்தாவிடம் ஒருபோதும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

பாலக்காட்டில் டாக்டர் கையை விரித்து, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொன்னதும் ரியாஸ் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து போட்டான். தலைமாட்டைத் தூக்கவும் இறக்கவும் கைப்பிடி இருந்தது. வண்டியிலிருந்து இறக்கிய அத்தா அதைப் பார்த்தார்.

“இரும்பு வேண்டாம். ஜின்சன் அனுப்பின கட்டில் கடையில கட்டுப் பிரிக்காம நிக்குதல்ல, அதைக் கொண்டாந்து போடு.”

“அத்தா, இதுல உங்களுக்குச் சௌகரியமுங்க.”

“அதை ஒரு வருசம் போட்டுப் பாக்கணும்டா. அவன் காத்துக்கிட்டு இருப்பான்.”

ரியாஸின் மனைவி ரஸியா கைக்குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். கடைசியில் ருக்கியாதான், “சரிங்க, போட்டுப் பாக்கலாம்” என்றாள்.

ஜின்சன் உடும்பஞ்சோலைக்காரன். ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, மலையில் கிடைக்கிற சில்வர் ஓக் மரத்தில் கட்டில் செய்கிறான். விலை குறைவு. ஆனால் அந்த மரம் நிற்குமா, வண்டு விழுமா என்று யாருக்கும் தெரியாது. எந்தக் கடையும் எடுக்கவில்லை. அத்தாதான் ஒன்று அனுப்பச் சொல்லியிருந்தார். அத்தா படுத்ததிலிருந்து தினமும் சாயங்காலம் ஜின்சன் போன் செய்தான். கட்டிலைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. “நாசர் இக்காவுக்கு எப்படியிருக்கு?” என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவான்.

அந்தக் கட்டிலில்தான் அத்தா இப்போது கிடந்தார்.

போல்ட்டை இறுக்கிய பிறகு கொஞ்ச நேரம் தூங்கினார். கணவாய்க் காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டே இருந்தது. நஸ்ரின் கதவுக்குக் கொக்கி மாட்டிவிட்டு வந்தபோது அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. நோய் வருவதற்கு முன்னால் கடையில் உட்கார்ந்திருப்பாரே, அந்த முகம்.

“உன்னுது எப்படியிருக்கு?” என்றார்.

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது.

“நல்லாருக்குங்கத்தா.”

“நடுக்கால்?”

“அதுவும் நல்லாருக்குங்க. ஒண்ணும் ஆகலைங்க.” அவர் பக்கம் குனிந்தாள். “பசங்க என்ன குதி குதிச்சாங்க தெரியுமுங்களா. எங்க மாமியார் ரெண்டு வருசம் அதுலதான் கெடந்தாங்க. ஒரு சத்தம் வரலைங்கத்தா.”

அவர் தலையை லேசாக அசைத்தார். அவளுக்குத் தெரியாமலே எல்லாவற்றையும் அறிந்திருந்தவர் மாதிரி இருந்தது அந்த அசைவு. பிறகு, “எல்லாரையும் வரச்சொல்லு. ஏறச்சொல்லு” என்றார்.

அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை. வருசம் முடிகிற அன்று வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும். அதுதான் கடைசிப் பரீட்சை.

ரியாஸ் தயங்கினான். “வேண்டாமுங்கத்தா. அசைஞ்சா உங்களுக்கு வலிக்கும்.”

“எனக்கென்னடா வலி. ஏறு.”

முதலில் ருக்கியா ஏறினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைக் கணுக்காலுக்கு இழுத்துவிட்டு, அவருடைய தலைமாட்டில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து அவர் தலையைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். ரஸியா குழந்தையோடு கால்மாட்டில் ஏறினாள். ரியாஸின் மூத்த மகள் பள்ளிக்கூடச் சீருடையோடு வந்து தாத்தாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டாள். நஸ்ரின் எல்லோரும் உட்காருகிற அந்த ஓரத்தில் உட்கார்ந்தாள். கடைசியாக ரியாஸ். அவன் கனத்த உடம்பு. மெல்ல, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“கொஞ்சம் அசைங்க.”

அசைந்தார்கள். இடப்பக்கம், வலப்பக்கம். பேத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பார்த்துக் கைக்குழந்தையும் சிரித்தது. அத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நஸ்ரின் அந்த முகத்தைப் பார்த்தாள். உடம்பில் உயிர் என்று இருந்ததெல்லாம் திரண்டு காதுக்கு வந்துவிட்டது போல இருந்தது. தன் வலியை அவர் கேட்கவில்லை. மூச்சுக் கரகரப்பதைக் கேட்கவில்லை. யார் யார் வீட்டிலேயோ, இனிமேல்தான் கல்யாணம் ஆகப்போகிற யாரோ, இனிமேல்தான் பிறக்கப்போகிற பிள்ளைகளோடு படுக்கப்போகிற ஒரு கட்டிலை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சத்தம் வருதா?” என்றார் அவர்.

“இல்லீங்க” என்றாள் ருக்கியா.

“போதும். அப்படியே இருங்க.”

இருந்தார்கள். சத்தமே இல்லை. இத்தனை பேர் கனத்தையும் வாங்கிக்கொண்டு கட்டில் அசையாமல் நின்றது. வெளியே பனைமரங்களில் காற்று அடிக்கிற ஓசை, தெருவில் மீன்காரனின் கூவல், அத்தாவின் மூச்சு. ஒரு மூச்சு. நெடுநேரம் கழித்து இன்னொரு மூச்சு. பேத்தி அவர் முழங்காலில் கை வைத்திருந்தாள். நஸ்ரின் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள்.

ருக்கியா குனிந்து அவர் காதருகில் கலிமா சொல்லத் தொடங்கியிருந்தாள். எப்போது தொடங்கினாள் என்று நஸ்ரினுக்குத் தெரியவில்லை. அந்தக் குரலில் நடுக்கம் இல்லை. பிள்ளைகளுக்குத் தூங்கும்போது சொல்லிக்கொடுத்த அதே குரல். அவள் உள்ளங்கை அவர் நெஞ்சின்மேல் இருந்தது. அவளுக்கு எல்லோருக்கும் முன்னால் தெரிந்திருக்க வேண்டும்.

ரியாஸ் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். அம்மா தலையசைத்தாள்.

அழுகை வரவில்லை. யாரும் இறங்கவும் இல்லை. முதலில் இறங்குகிறவர் எதையோ முடித்துவைத்துவிடுவார் போலிருந்தது. கைக்குழந்தைதான் கடைசியில் சிணுங்கியது. ரஸியா பாலுக்காக எழுந்தாள். அதன் பிறகுதான் ரியாஸின் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

பள்ளிவாசல் மைக்கில் அறிவித்த கொஞ்ச நேரத்தில் வீடு நிரம்பிவிட்டது. தாடையைக் கட்டினார்கள், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். ஆண்கள் குளிப்பாட்டினார்கள். வெள்ளைத் துணி சுற்றியதும் அத்தா சின்னதாகத் தெரிந்தார். பெண்கள் உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள். நஸ்ரினுக்குத் தெரிந்தவர்கள் சிலர்தான். கஞ்சிக்கோட்டு யூனிஃபார்மோடு இரண்டு பெண்கள், பொட்டு வைத்த ஒரு அம்மா, நிறைமாசமாக ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு உட்கார நாற்காலி தேடினார்கள். “வேண்டாமுங்க, இதுலயே உக்காந்துக்கறேன்” என்று அவள் காலியாகக் கிடந்த கட்டிலின் ஓரத்தில், யோசிக்காமல், முழுக் கனத்தோடு உட்கார்ந்தாள்.

அவளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நஸ்ரினுக்கு அது திடீரென்று விளங்கியது. வந்திருக்கிற ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு அறை இருக்கிறது. அந்த அறையில் அத்தா காது கொடுத்துக் கேட்ட ஒரு கட்டில் கிடக்கிறது. இந்த ஊரும் பக்கத்து ஊர்களும் அதன்மேல் படுத்துத் தூங்குகின்றன. யாரும் அதை நினைப்பதில்லை. ஒடியாத கட்டிலை யார் நினைப்பார்கள்?

சாயங்காலத்து அஸர் தொழுகைக்குப் பிறகு அத்தாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கினார்கள்.

சேதி கேட்டதும் கிளம்பிய ஜின்சன் கம்பம், தேனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தபோது கபரில் மண் தள்ளிக்கொண்டிருந்தார்களாம். கபரஸ்தான் மதிலோரம் நின்றுவிட்டு ரியாஸோடு வீட்டுக்கு வந்தான். ருக்கியா இத்தாவில் இருந்தாள். வேற்று ஆண்களுக்கு முன்னால் வரக்கூடாது. அறைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் கூடத்தில் நின்று, குனிந்த தலையோடு பேசினான்.

“அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுக்கக் கூடாது. அந்தக் கட்டில நான் திருப்பிக் கொண்டு போயிரவா? பாக்கப் பாக்க உங்களுக்கு மனசு வெசனமா இருக்கும்ல. வண்டி பிடிச்சு இப்பமே ஏத்திருதேன்.”

ருக்கியா கதவுக்குப் பின்னால் இருந்தபடியே சொன்னாள்.

“வேண்டாம் தம்பி. வருசம் ஆகலையே.”

ஜின்சன் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

“ஆகட்டும், ரியாஸ் போன் பண்ணுவான்” என்றாள் ருக்கியா. “சாப்புட்டுட்டுப் போ. தூரம் போகணும்.”

நஸ்ரின் அவனுக்குச் சோறு போட்டு அனுப்பிவிட்டு அறைக்குள் வந்தபோது வெயில் ஜன்னலை விட்டு இறங்கியிருந்தது. மெத்தையை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். வெறும் பலகையில் ரியாஸ் குறுக்காக விழுந்து தூங்கிக்கொண்டிருந்தான். கபரில் இறங்கி நின்ற கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கணுக்கால் வரைக்கும் செம்மண்.

ருக்கியா தரையில் உட்கார்ந்து ஈரத்துணியால் மகனின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல் இடுக்குகளையும் விடாமல் துடைத்தாள். அவன் எழவில்லை.

“கொடுங்கம்மா, அலசிக் கொண்டாறேன்” என்று நஸ்ரின் கையை நீட்டினாள்.

ருக்கியா துணியைக் கொடுக்கவில்லை. மண் உள்ளே இருக்கும்படி அதை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.