எண்ணூறுக்கு அறுநூறு, வலப்பக்கம் ஒதுக்கி

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல. அரூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்துக்கொண்டு, வேலை இல்லாத நேரத்தில் கதை எழுதுகிறவன் நான். ரோஷன் பீ அக்கா கடைக்கு வந்து ஒன்று கேட்டார். கதை அங்கிருந்து வந்தது.

"தம்பி, கேம் படத்த ஒரு பக்கமா ஒதுக்கி வைக்க முடியுங்களா?"

அவர் கணவர் அன்வர் பாஷா பாய் ஒரு காலத்தில் இதே ஊரில் வீடியோ கேம் கடை நடத்தியவர். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து இடக்கை விழுந்துவிட்டது. அதைவிட மோசம், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு அற்றுப்போனது. கண்ணில் கோளாறு இல்லை. மூளைதான் அந்தப் பக்கத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை. தட்டில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு "அவ்ளோதானா?" என்பார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஒளிரும் திரையில் அவர் தன் இளமையைக்..." (அடித்துவிட்டேன். அவர் பாதித் திரையைத்தான் கண்டார்.)

அப்புறம் இப்படி: "அந்த ஆட்டத்தில் அன்வர் பாஷாவை ஜெயிக்க அரூர் தாலுகாவிலேயே..." (பச்சைப் பொய். பாய் சுமாராகத்தான் ஆடுவார். அக்காவே சொன்னார்.)

சரி, அலங்காரம் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

3

வீட்டு டிவியில் பழைய விமானச் சண்டை ஆட்டத்தைப் போட்டதும் படம் அகலமாக இழுபட்டு, விமானம் தவளை மாதிரி ஆகிவிட்டது. "இது நம்ம கேம் இல்லப்பா" என்று பாய் கையை எடுத்துக்கொண்டார். அதனால் கடையில் கிடந்த பழைய பெட்டி மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பெரிய ரெசொல்யூஷன் வைத்தேன். "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று எழுதிக் காட்டிவிட்டு மானிட்டர் இருண்டது. ரொம்பக் குறைத்தேன். விமானத்தின் மூக்கு நசுங்கியது. எண்ணூறுக்கு அறுநூறு வைத்தபோது ஆட்டத்தின் ஒவ்வொரு வரியும் சரியாக இரண்டு வரியாகி, படம் கணீரென்று நின்றது.*

அது நெட்டுக்குத்தான படம். நடுவில் நின்றது, இருபுறமும் கறுப்பு. நான் கீபோர்டில் இரண்டு பொத்தான்களை ஒதுக்கி, ஒன்றை அமுக்கினால் படம் வலக்கோடிக்கும் மற்றதை அமுக்கினால் இடக்கோடிக்கும் போகிற மாதிரி செய்தேன். வலப்பக்கம் தள்ளியதும் பாய் நிமிர்ந்தார்.

"எங்கடா ஒளிஞ்சிருந்தீங்க இவ்ளோ நாளா?" என்று எதிரி விமானங்களைக் கேட்டு, வலக்கையால் சுட்டுத் தள்ளினார். சிரித்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

(கதையை இங்கேயே முடித்திருந்தால் நீங்களும் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பீர்கள்.)

* இந்தப் பத்தி புரியாதவர்கள் தாண்டிப் போகலாம். கதைக்கு நஷ்டமில்லை, எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

4

யுவராணியை எழுதுவதில்தான் சந்தேகம். பாய்க்குப் பிசியோதெரபி செய்ய வீட்டுக்கு வரும் பெண். முதல் வரைவில் அவளைச் சிடுமூஞ்சியாக எழுதினேன். கதைக்கு ஒரு வில்லி கிடைத்தால் என் வேலை சுலபம். ஆனால் அவள் அப்படி இல்லை. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்தவள், பாய் ஆடுவதைப் பார்த்துச் சந்தோஷப்படத்தான் செய்தாள். அப்புறம்தான் அக்காவையும் என்னையும் தனியே கூப்பிட்டாள்.

"எல்லாத்தையும் வலப்பக்கமே வச்சிட்டா, அவரு எதுக்குங்க்கா இடப்பக்கம் திரும்பப் போறாரு? படத்த அந்தாண்ட தள்ளுங்க. தேடட்டும்."

"சிரிக்கிறாரும்மா."

"தெரியுதுங்க்கா. ஆனா இப்ப வுட்டா மூளை இப்படியே பழகிரும்."

"தள்ளினா திரும்புவாரா?"

"சொல்ல முடியாதுங்க்கா" என்றாள். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

5

அவள் போனபின் அக்கா என்னிடம் சொன்னார்.

"தண்ணி, மருந்து, போனு எல்லாத்தையும் வலப்பக்கம் மாத்திட்டேன் தம்பி. கட்டில்ல மட்டும் நான் இடப்பக்கம் படுக்கறேன். அவருக்கு வலப்பக்கம் செவுரு. படுத்ததும் ‘ரோஷன் எங்க போனா?’ன்னு கேக்கறாரு. பக்கத்துலதாங்க இருக்கேன்னாலும், குரல் எங்கிருந்து வருதுன்னு செவுத்தப் பாத்துத் தேடறாரு."

கட்டிலைத் திருப்பிப் போட்டால் என்ன என்று உங்களைப் போலவே நானும் கேட்டேன்.

"போடலாம். போட்டுட்டா அந்தப் பக்கம் அவருக்கு யாருமே இல்லாம போயிரும்."

எனக்கு இதை அழகாக எழுதத் தெரியவில்லை.

6

முடிவு இரண்டு எழுதினேன். முதலாவதில் படம் வலப்பக்கமே இருக்கிறது, பாய் தினமும் சிரிக்கிறார், அக்கா இடப்பக்கத்தோடு சேர்ந்து இல்லாமல் போகிறார். இரண்டாவதில் பாய் ஒருநாள் மெல்ல இடப்பக்கம் திரும்பி... (இதை முடிக்க எனக்கு உரிமை இல்லை. அவர் திரும்பியதை நான் பார்க்கவில்லை.)

நான் பார்த்தது இவ்வளவுதான். அக்கா பாய்க்கு இடப்பக்கமாக வந்து உட்கார்ந்து, பொத்தானை அமுக்கினார். படம் இடக்கோடிக்குப் போனது. ஸ்பீக்கர் மாட்டவில்லை, சத்தமும் இல்லை. பாய் எதிரே இருந்த கறுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கரண்ட் போயிருச்சா?"

"போவலைங்க. இங்க பாருங்க. இந்தப் பக்கம், நான் இருக்கேன்."

"கரண்ட் வந்ததும் ஆடிக்கலாம்" என்று பாய் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அக்காவின் விரல் மற்ற பொத்தானின் மேல் இருந்தது. "தம்பி, நீங்க சொல்லுங்க. திரும்பவும் வலப்பக்கமே தள்ளிரட்டுமா?" என்றார்.

சொல்லத் தெரியாமல்தான் இத்தனையும் எழுதினேன். அவர் கேட்டது இப்போது உங்களிடம். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், பாய் கரண்டுக்காகக் காத்திருக்கிறார்.