உள்பக்கத்துப் பூட்டு

மலர்வளையத்தைக் கம்பிவலைக் கதவு வழியாக உள்ளே நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார் சித்தப்பா. அந்த வலையில் சுண்டுவிரலே நகம்வரைதான் போகும். அது தெரிந்தும் வளையத்தை நேராக, சாய்வாக, தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்த்துவைத்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எங்க அண்ணன் ஒரு இரும்புக் கோட்டை," என்று தெருவைப் பார்த்து ஆரம்பித்தார்.

"அது தெரியுது சித்தப்பா. சாவி எங்கன்னுதான் தெரியல," என்றான் மூத்தவன்.

கதவுக்கு உள்ளே நின்றிருந்தாள் அவன் தங்கை, சின்னவள். அவளுக்குப் பின்னால் ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் அப்பா. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டு இடது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு வாசல் கூட்டத்தோடு நின்றுகொண்டார். வலது கையை அம்மா தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அசையவும் இல்லை.

அப்பா வேலைக்காலம் முழுவதும் ஒரு பிஸ்கட் கிடங்கின் வாசலில் உட்கார்ந்திருந்தவர். ஓய்வுபெற்ற மறுவாரமே வாசலில் பலகை ஏறியது: 'முன்னாள் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி'. பெயருக்குப் பலகையில் இடம் போதவில்லை. கொல்லைப்புறக் கதவைச் செங்கல் வைத்து அடைத்தார். சர்க்கரை டப்பாவுக்கும் ஒரு பூட்டுப் போட்டார். முன்கதவை மட்டும் சொல்லிச் செய்வித்தார். வெளியிலிருந்து எவன் கையும் எட்டாதபடி பூட்டு உள்பக்கம். மத்தியானம் சாப்பிட்டதும் பூட்டுவார். சாவியைத் தினம் ஓரிடத்தில் ஒளிப்பார், யாரிடமும் சொல்லமாட்டார். "ஆபத்து சொல்லிட்டா வரும்?" என்பார். இத்தனைக்கும் எந்தத் திருடனும் இந்த வீட்டை ஒரு பொருட்டாக மதித்து எட்டிப் பார்த்ததில்லை.

இன்று ஆபத்து சொல்லாமல் உள்பக்கமாக வந்துவிட்டது. சின்னவள் அரிசி டின்னைக் கவிழ்த்தாள், கடிகாரத்தின் முதுகைத் தடவினாள், அப்பாவின் சட்டைப் பையையும் பார்த்தாள். சாவி இல்லை.

சாவி இல்லாமலே அவளால் திறக்க முடியும். அதுதான் சங்கடம். அவள் கொண்டைக்குள் இரண்டு சைக்கிள் சக்கரக் கம்பிகள் செருகியிருந்தன; அரத்தால் ராவி, நுனி வளைத்தவை. மத்தியானங்களில் அப்பாவின் குறட்டை சுருதி சேர்ந்ததும் பூட்டைத் திறந்து, சும்மா தொங்கவிட்டுவிட்டு வெளியே போவாள். திரும்பி வந்து அமுக்கிவிடுவாள். போன இடமெல்லாம் பூட்டுக் கடைகள்.

முதல் கடைக்காரர், "டைப்பிங் கத்துக்கோம்மா, விரலுக்கு நல்லது," என்றார். அடுத்தவர், "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் ஷட்டரை இறக்கினார். இன்னொருவர் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, தன் மகனுக்குப் பெண் தேடுவதாகச் சொன்னார். நான்காமவர்தான் ஒரு பூட்டை மேஜைமேல் போட்டு, "இதத் திறந்துட்டுப் பேசு," என்றார். திறந்தாள். அவர் அந்தப் பூட்டை எடுத்து மறுபடி அமுக்கி, இழுத்துப் பார்த்தார்.

"திங்கக்கெழம வேலைக்கு வா. கத்துத் தரேன். ஆனா வீட்டு ஆளு ஒருத்தர் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். சாவி வேலை நம்பிக்கை வேலை. நாளைக்கு யாராவது வந்து எங்க பொண்ண இழுத்துட்டுப் போனேன்னு சட்டையப் பிடிக்கக் கூடாது."

இன்று சனிக்கிழமை. அந்த ஒரு வார்த்தையை யாரிடம் கேட்பது என்று அவள் குழம்பிக்கொண்டிருக்கும்போதுதான் குறட்டை நின்றது.

வெளியே மூத்தவன் தெருவுக்கே கேட்கும்படி ஏற்பாடுகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் ஓர் அலுவலகத்தில் உதவி மேலாளர். வீட்டிலும் கூட்டம் நடத்துகிற குரல்தான்.

"அம்மாவ இனிமே இவதான் பாத்துக்கணும். வெளிய தெருவுக்குப் போற வேலையெல்லாம் கெடையாது. எதுக்கும் இன்னொரு பூட்டு வாங்கிடலாம் சித்தப்பா, இத விடப் பெருசா."

"அண்ணன் மனசு குளிரும்," என்றார் சித்தப்பா.

இப்போது கம்பியை எடுத்தால் எங்கே கத்துக்கிட்ட, எதுக்குக் கத்துக்கிட்ட, எத்தனை நாளா என்று வரும். எடுக்காவிட்டால் அப்பாவோடு இப்படியே நிற்க வேண்டும். சின்னவள் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் யாரோ சாவிக்காரரைக் கூட்டி வந்துவிட்டார்கள். பையைத் தோளிலிருந்து இறக்கி, வலையோடு முகத்தை ஒட்டி, டார்ச் அடித்தார். நான்காம் கடைக்காரர். சின்னவள் வலையை விட்டு ஓரடி பின்வாங்கினாள்.

"பூட்டு உள்ள தொங்குதுங்க. இங்கேருந்து ஒண்ணும் பண்ண முடியாது. கதவ வெட்டணும்."

"வெட்டறதா?" மூத்தவன் பதறினான். "அப்பாவே நின்னு செய்யவச்ச கதவு!"

"உயிரே போனாலும் அதுமேல கை வைக்கக் கூடாது," என்றார் சித்தப்பா.

"அது போயிடுச்சுங்க," என்றார் கம்பவுண்டர்.

சாவிக்காரர் காதில் வாங்கவில்லை. தொழில் ஞாபகத்தில் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "துவாரத்தச் சுத்திக் கீறல் இருக்கே! யாரோ கம்பி விட்டுத் திறந்திருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் பழக்கம் இல்ல இது. நல்ல கை."

"பாத்தியா, திருடன்!" சித்தப்பாவுக்கு முகமே மலர்ந்துவிட்டது. "அண்ணன் அப்பவே சொன்னாரு!"

"உள்பக்கமாவா சித்தப்பா?" என்றான் மூத்தவன்.

சாவிக்காரர் டார்ச்சை மேலே தூக்கினார். வெளிச்சத்தில் சின்னவளின் முகம். அவர் வாய் அப்படியே நின்றது. டார்ச்சை அணைத்து, பல்பு போய்விட்டதுபோல் உள்ளங்கையில் தட்டினார். ஆனால் மூத்தவன் பார்த்துவிட்டான். அவன் கண் கீறலுக்கும் தங்கைக்குமாகப் போய்வந்தது.

"ஏய், என்ன இது?"

முக்காலியிலிருந்து, திரும்பாமலே, அம்மாவின் குரல் வந்தது.

"திறந்து விடும்மா. தினம் மத்தியானம் திறக்கறதுதானே."

சின்னவள் கொண்டையிலிருந்து கம்பிகளை உருவினாள். ஒன்றை அடியில் கொடுத்து அழுத்தி, மற்றதால் உள்ளே ஒவ்வொன்றாகத் தேடினாள். முகத்தைப் பார்க்காமல் ஆளைத் தெரிந்துகொள்வதுபோல் விரலுக்கு எல்லாம் தெரிந்தது. எப்போதும் அந்தச் சத்தத்தைக் குறட்டை மூடிவிடும். இன்று 'டக்' என்றது தெருக்கோடிவரை கேட்டது.

கம்பிகளைத் திரும்பக் கொண்டையில் செருகிக்கொண்டாள். கூட்டம் உள்ளே வந்தது. மூத்தவன் அவளைக் கடக்கும்போது, "அப்புறம் வச்சுக்கறேன்," என்றான். சாவிக்காரர் வாசற்படியிலேயே நின்றார்.

"ஏம்மா, திறக்கச் சொன்னது நீங்கதானே?"

"நான்தான் சொன்னேன்," என்றாள் அம்மா.

"வீட்டு ஆளு சொல்லிட்டீங்க. அது போதும்."

"என்னய்யா போதும்?" என்றான் மூத்தவன். "நீ ஒண்ணுமே செய்யலயே!"

சாவிக்காரர் சின்னவளைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு போனார்.

சித்தப்பா மலர்வளையத்தை அப்பாவின் மடியில் வைத்தார். அது நழுவியது, மறுபடி வைத்தார். அப்போதுதான் அம்மா அப்பாவின் கையை விட்டாள். இறுகியிருந்த அவர் விரல்கள் பிரிந்து, வெறுமையாக இருந்தன. சின்னவள் தண்ணீர் கொண்டுவந்து குனிந்தபோது அம்மா தன் வலது கையை அவள் பக்கமாகத் திருப்பி, ஒரு கணம் விரித்தாள். சாவி. அதன் பல்வரிசை உள்ளங்கையில் சிவந்து பதிந்திருந்தது. கை மூடிக்கொண்டது.

"சாவி கெடைச்சா எங்கிட்ட குடுங்க," மூத்தவன் கதவுக்கு உள்பக்கம் நின்று அறிவித்தான். "கண்டவனும் வர நேரம். அப்பா இருந்தா இப்படித் தொறந்து போட்டிருப்பாரா?"

சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி, ஓர் அமுக்கு அமுக்கினான்.

டக்.

சித்தப்பாவின் புலம்பல் பாதியில் நின்றது. கம்பவுண்டர் கதவைப் பார்த்தார். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும், கடைசியில் மூத்தவனும், சின்னவளைப் பார்த்தார்கள்.

அவள் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அம்மா தண்ணீரை இடது கையால் வாங்கி, மெல்ல, மடக்கு மடக்காகக் குடித்தாள். டம்ளர் காலியாகும்வரை சின்னவள் பக்கத்திலேயே நின்றாள்.